குணாளன் – ஜெசிந்தா: மலேசியத் தொகுப்பு

மார்ச் 3, செவ்வாய். தைப்பிங்

காலையில் மழை இல்லை. இந்த ஊரில் அது செய்தி. இரண்டு நாள் துணியும் காய்ந்தது.

பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு போன். யுகேந்திரன் என்று பெயர் சொன்னார். பாட்டு வெளியிடும் கம்பெனி ஒன்றில் தயாரிப்பாளராம். குணாளன் – ஜெசிந்தா பாடல்களில் பதினான்கைப் பொறுக்கி ஒரே சி.டி. தட்டாகக் கொண்டுவரப் போகிறார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் மட்டும்.

"மெட்ராஸ்ல போட்டா யாருக்கு ஆன்ட்டி தெரியும்? உங்களுக்கு ஆளு இங்கதான் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க இருக்கீங்களா இல்லையான்னே எங்களுக்குத் தெரியல. மன்னிச்சிருங்க" என்றார்.

இருக்கிறேன் என்று சொன்னேன்.

குணாளனும் நானும் எழுபத்தொன்பதிலிருந்து எண்பத்தைந்து வரை சேர்ந்து பாடினோம். வார நாட்களில் இங்கே தொலைபேசி நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி ஈப்போ போவேன். ஒரு கிட்டார், இரண்டு குரல், சத்தம் போடாத பாட்டு. இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வந்தன. பிறகு அவர் சினிமாவில் பாட மெட்ராஸ் போனார். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்திருந்ததால் நான் போகவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர் அங்கேயே இறந்துவிட்டார். பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வானொலி நிலையத்தில் நாங்கள் பாடிக்கொடுத்த டேப்புகளை அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அன்று அதுதான் வழக்கம். டேப் விலை அதிகம். என்னிடம் அந்த இரண்டு எல்.பி.யும் இருக்கின்றன. போட்டுக் கேட்கும் பெட்டி பழுதாகிப் போய் வெகுகாலம். என் குரலை நானே கேட்டு முப்பது வருடம் இருக்கும். சாவதற்குள் ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்ததுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 5, வியாழன்

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பழைய புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஒரு முத்திரைகூட இல்லையே என்று சிரித்தாள். அவசரத்துக்குக் கையில் இருப்பது நல்லது என்றேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இதே பதிலைச் சொல்கிறேன்.

பசாரில் நெத்திலி நன்றாக இருந்தது. வாங்கினேன்.

மார்ச் 9, திங்கள்

யுகேந்திரன் மூன்று பாடல்களைப் போனில் அனுப்பியிருந்தார், மாதிரிக்கு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே மைக். குணாளனுடைய குரல் மெல்லியது, என்னுடையது ஓங்கியது. இரண்டும் சமமாகப் பதிய வேண்டுமென்றால் ஓங்கிய குரல் தள்ளி நிற்க வேண்டும். ஒலிப்பதிவுக்காரர் ஆ சோங் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். குணாளன் மைக்கை முத்தமிடுவது போல நின்று பாடுவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால், கோட்டில். ஆறு வருடமும் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்துத்தான் பாடினேன். தட்டில் என் குரல் அடுப்படியிலிருந்து வருவது போல இருக்கும். அதைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

இன்று கேட்டபோது அப்படி இல்லை. குணாளனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒவ்வொரு சொல்லும் காதோரம் கேட்கிறது. 'மழைக்குடை' பாட்டில் சரணத்துக்கு முன்னால் நான் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. இப்போதைய கம்ப்யூட்டர் எதையும் செய்யும் என்கிறார்கள். என்னை அங்கிருந்து இழுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இரண்டாவது சரணத்தின் முடிவில் ஒரு சின்னச் சுழிப்பு. மிக அழகு. அப்படிப் பாடிய நினைவே எனக்கு இல்லை.

பதினோரு தடவை கேட்டேனோ என்னவோ. மத்தியானம் சோறு வடிக்க மறந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

யுகேந்திரனுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். என் குரலை முன்னால் கொண்டுவந்ததற்கு.

"நாங்க ஒண்ணும் பண்ணலையே ஆன்ட்டி. தூசியைத் துடைச்சோம், அவ்வளவுதான். மெட்ராஸ்லேர்ந்து வந்த டேப்பு அப்படியே சுத்தமா இருந்துச்சு. எண்பத்தேழாம் வருஷத்து டேப்பு."

எண்பத்தைந்தோடு முடிந்துவிட்டதே என்றேன். மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். பிரதி எடுத்த வருடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

தவக்காலம். சிலுவைப் பாதைக்குப் போனேன். பாடகர் குழுவை நடத்தும் ரோஸலினிடம் தட்டு வரப்போவதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அரை மணிக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. இருபது வருடமாக அதே பெஞ்சில் உட்காருகிறேன். இன்றைக்குத்தான் என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் ஐம்பது தட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குணாளனும் நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லையா என்று ஒரு அம்மாள் கேட்டார். இல்லை, பாட்டு மட்டும்தான் என்றேன். பாட்டைக் கேட்டால் அப்படித் தெரியாதே என்றார்.

வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தேன். இப்போது வருவது குரல் இல்லை, கதவு திறக்கிற சத்தம்.

மார்ச் 17, செவ்வாய்

பதினான்கு பாட்டும் அடங்கிய சி.டி. கூரியரில் வந்தது. ரேடியோப் பெட்டியிலேயே போட்டுக் கேட்டேன். அட்டையில் எங்கள் இருவர் படம், ஈப்போவில் எடுத்தது. அவர் முன்னால், நான் தோளுக்குப் பின்னால்.

ஒன்பதாவது பாட்டை நான் பாடியதில்லை.

மார்ச் 18, புதன்

மறந்திருக்கலாம். அறுபத்தாறு வயதில் மறதி ஒரு குற்றமில்லை.

மார்ச் 19, வியாழன்

மறக்கவில்லை. அந்தப் பாட்டு மின்சார ரயிலைப் பற்றியது. நாங்கள் பாடிய காலத்தில் இந்தப் பக்கம் மின்சார ரயிலே கிடையாது. எங்களுக்குப் பாட்டெழுதிய வாத்தியார் தைப்பிங்கைத் தாண்டிப் போனால் மயக்கம் வருகிறவர்.

ஆனால் குரல் என்னுடையது. 'ர'வை நான் நாக்கால் தட்டுகிற விதம், வரியை முடிக்காமல் விடுகிற விதம், எல்லாம் நான்தான். வேலைக்காலத்தில், ஒரு தடவை கேட்ட குரலை ஒரு மாதம் கழித்துப் போனில் கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

யுகேந்திரனைக் கூப்பிட்டு, எல்.பி. போடும் பெட்டியோடு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வந்தால் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 21, சனி

யுகேந்திரன் வந்தார். நாற்பதுக்குள் இருப்பார். கொஞ்சம் தொந்தி, வியர்வை துடைத்துக்கொண்டே இருந்தார். "பசியாறியாச்சா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், ஆப்பமும் வாங்கி வந்திருந்தார். பெட்டியை அடுப்படி மேசையில் வைத்து, என்னுடைய முதல் எல்.பி.யைப் போட்டோம். 'ஏரி விளக்கு'.

கீறல் சத்தம். கிட்டார். குணாளன் வந்தார். பிறகு வெகு தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்.

அடுத்து அவருடைய சி.டி.யில் அதே 'ஏரி விளக்கு' பாட்டைப் போட்டார். மாற்றி மாற்றி நான்கு முறை. நான்காவது முறை முடிந்ததும் பெட்டியை நிறுத்தினார்.

"ஆன்ட்டி, இது நீங்க. அது யாரு?"

தெரியாது என்றேன். அவர் மெட்ராஸுக்குப் போன் போட்டு, டேப் கொடுத்த கம்பெனியில் யாரையோ பிடித்தார். சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசினார். ஒரு மணி நேரம் ஆனது. நான் அதற்குள் ஆப்பத்தைச் சூடு பண்ணினேன்.

விஷயம் இதுதான். எண்பத்தேழில் குணாளன் அங்கே எங்கள் பாடல்களையெல்லாம் புதிதாகப் பாடி, புதுப் பாட்டும் சேர்த்து கேசட் போட்டிருக்கிறார். பெண் குரலுக்கு வசுமதி என்று ஒருவர். கேசட் அட்டையில் மட்டும் குணாளன் – ஜெசிந்தா. மெட்ராஸில் அது விற்கவில்லை. மிச்சமிருந்த பெட்டிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். இங்கே பிய்த்துக்கொண்டு போயிற்று. எண்பத்தேழிலிருந்து கடைகளிலும் பஸ்களிலும் கல்யாண வீடுகளிலும் ஓடியது அந்தக் கேசட்தான்.

கேசட் வந்தது எனக்குத் தெரியும். பிளைன் தெருக் கடைகளில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தட்டைத்தான் கேசட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வாங்காமல் வந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வீட்டில் பாட்டு வைப்பதில்லை. பஸ்ஸிலோ கடையிலோ காதில் விழுந்திருந்தாலும், நான்தான் என்று நினைத்துக்கொண்டு கடந்து போயிருப்பேன்.

யுகேந்திரன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது, அட்டை அச்சாகிவிட்டது என்றார். என் எல்.பி.யிலிருந்து எடுத்தால் கீறல் போகாது. என் குரலை முன்னால் கொண்டுவரவும் முடியாது. ஒரே மைக்கில் பதிந்தது பதிந்ததுதான்.

"இப்படியே விட்டுருவோம். யாருக்கும் தெரியாது. நீங்களே நீங்கன்னுதானே நெனச்சீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வசுமதியின் நம்பரை வாங்கித் தரச் சொன்னேன்.

மார்ச் 23, திங்கள்

பேசினேன். கூடுமானவரை அப்படியே எழுதுகிறேன்.

வசுமதி சாலிகிராமத்தில் தனியாக இருக்கிறார். என்னைவிட நான்கு வயது இளையவர். போனை எடுத்தவுடன், கேபிள்காரரா என்று கேட்டார். மலேசியாவிலிருந்து ஜெசிந்தா பேசுகிறேன் என்றேன். மறுபக்கம் பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அவங்க தவறிட்டாங்களே" என்றார்.

"யாரு சொன்னா?"

"குணாளன் சார்தாங்க. எண்பத்தாறுலயே போயிட்டதாச் சொன்னாரு. அதனாலதான் நான் ஒத்துக்கிட்டேன். செத்தவங்க பேருல பாடலாம், ஞாபகார்த்தம்னு வச்சுக்கலாம். உயிரோட இருக்கறவங்க பேரை எடுத்துக்கிட்டா பாவமில்லையா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. அவரே தொடர்ந்தார். நான் போனை வைத்துவிடுவேனோ என்று பயந்தவர் போல வேகமாகப் பேசினார்.

கோரஸ் பாடிக்கொண்டிருந்தவரைக் குணாளன் தேர்ந்தெடுத்தாராம். எங்கள் தட்டைப் போட்டுப் போட்டுக் காட்டி மூன்று மாதம் பழக்கினாராம். அவங்க இப்படி இழுக்க மாட்டாங்க, அவங்க இந்த இடத்தில் சிரிச்ச மாதிரி விட்டுருவாங்க என்று ஒவ்வொரு வரியாகத் திருத்துவாராம்.

"ஸ்டுடியோவுல எனக்குப் பேரே ஜெசிந்தாதாங்க. ஒரு நாள்கூட வசுமதின்னு கூப்பிடல. ஒரு வரி சரியா வந்துட்டா பேசமாட்டாரு. செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்குவாரு. நாங்க எல்லாம் காத்துக்கிட்டு இருப்போம்."

எந்த வரி என்று கேட்டேன்.

அவருக்கு நினைவில்லை. ஏதோ ஒரு வரி என்றார். நான் 'ஏரி விளக்கா', 'மழைக்குடையா' என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இருக்கலாம், இருக்கலாம் என்றார். அவ்வளவு கேட்டிருக்க வேண்டியதில்லை.

'மழைக்குடை'யில் வரும் அந்தச் சுழிப்பு மட்டும் தன்னுடையது என்றார். குணாளன் அதை நீக்கச் சொன்னாராம். இவர் மறந்துவிட்டதாகச் சொல்லி, பதிவாகும் டேக்கில் அப்படியே பாடிவிட்டாராம். அதைச் சொல்லும்போது முதல் முறையாகச் சிரித்தார்.

தட்டில் உங்கள் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன் என்றேன். பேரெல்லாம் வேண்டாம் என்றார். "ஒரு காப்பி மட்டும் அனுப்புவீங்களா? எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. மழைத்தண்ணி வந்தப்ப எல்லாம் போயிடுச்சு."

மார்ச் 24, செவ்வாய்

சமைக்கவில்லை.

மார்ச் 25, புதன்

பாஸ்போர்ட்டை வாங்கிவந்தேன். நல்ல சிவப்பு. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

எண்பத்தாறில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரவு வேலை பார்த்தேன். மெட்ராஸ் டிரங்க் கால் எல்லாம் அப்போது என் சுவிட்ச் பலகை வழியாகத்தான் போகும். ஊரில் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்தேன்.

மார்ச் 26, வியாழன்

யுகேந்திரனிடம் முடிவாகச் சொன்னேன். பதின்மூன்று பாட்டுக்குப் பெண் குரல் வசுமதி என்று போட வேண்டும். கடைசியாக ஒரே ஒரு பாட்டு, 'ஏரி விளக்கு', என் எல்.பி.யிலிருந்து; கீறலோடு. அதற்கு மட்டும் என் பெயர். இல்லையென்றால் மண்டபத்துக்கு நான் வரமாட்டேன்.

முதலாளியிடம் கேட்டுவிட்டு மாலையில் திரும்பக் கூப்பிட்டார். முன்னட்டையை மாற்ற முடியாதாம். உள்தாளில் சின்ன எழுத்தில் போடுவார்களாம். ஒரு பாட்டு என்னுடையது போடச் சம்மதம்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு பாட்டு எதுக்கு? மத்ததோட ஒட்டாது."

யாராவது ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். எண்பத்தைந்துக்கு முன்னால் கேட்டவர்கள் செத்தா போய்விட்டார்கள்?

"இல்ல லா" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாடு. நல்ல மழை. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கஞ்சி குடித்தேன்.

ஏப்ரல் 4, சனி

வசுமதி கூப்பிட்டார். காரணம் ஒன்றுமில்லை, சும்மா என்றார். ஈஸ்டருக்கு என்ன சமையல் என்று கேட்டார். ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது என்றேன். அதானே, நானும் அப்படித்தான் என்றார். புளியோதரைப் பொடியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

ஏப்ரல் 18, சனி. ஈப்போ

வெளியீடு நடந்தது. கூட்டம் பரவாயில்லை. பேசியவர்கள் ஜி.எஸ்.டி. வரியைத் திட்டிவிட்டுப் பாட்டுக்கு வந்தார்கள். என்னை மேடைக்கு அழைத்தபோது மைக்கில் சொன்னேன்: இதில் பதின்மூன்று பாட்டு பாடியவர் வசுமதி; சென்னையில் இருக்கிறார். கைதட்டினார்கள். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்துப் பேசிய சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. அதையே சொல்லி, பெரிய மனசு என்றார்.

கோயில் ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிறது. ரோஸலின் திரும்பும் வழியில் வேனில் ஒன்பதாவது பாட்டைப் போட்டு எல்லோரையும் பாட வைத்தாள். என்னையும் பாடச் சொன்னார்கள். வரி தெரியவில்லை என்றேன். சிரித்தார்கள்.

வசுமதிக்கு இரண்டு பிரதி அனுப்பினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். யுகேந்திரன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வானொலியில் ஐந்து மணி நிகழ்ச்சியில் நம் தட்டு, நேயர்கள் கூப்பிட்டுப் பேசலாம் என்று. ரேடியோவை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

நான்கு பேர் பேசினார்கள். மூன்று பேர் எல்லோரையும் போலப் பேசினார்கள். நான்காவதாக வந்தவர் கூலிம் ஊர்க்காரர். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். மெதுவாக, எடை போட்டுப் பேசினார்.

"ஜெசிந்தா அம்மா கேசட்டப் போட்டுக்கிட்டு ஜொகூர் வரைக்கும் ஓட்டியிருக்கேங்க. முப்பது வருஷம். பொண்டாட்டி செத்த அன்னிக்கும் வீட்டுக்கு வர்ற வழியில அந்த அம்மாதான் என்கூட வந்துச்சு. ஆனா இந்தத் தட்டுல கடைசிப் பாட்டு இருக்கே, அது அவங்க இல்ல. யாரையோ விட்டுப் பாட வச்சிருக்கானுங்க. எங்கேயோ தூரத்துல நின்னு கத்துது. மத்தவனை ஏமாத்தலாம். எனக்குத் தெரியாதா அந்த அம்மா குரலு?"

அறிவிப்பாளர் சிரித்து, கம்பெனிக்காரர்கள் கவனிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவருக்காக ஒன்பதாவது பாட்டைப் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை. முழுப் பாட்டையும் கேட்டேன். இரண்டாவது முறையாக அல்லது மூன்றாவது முறையாகத்தான் அதைக் கேட்கிறேன். நல்ல பாட்டு. அந்தப் பெண் நன்றாகப் பாடியிருக்கிறாள்.

கீரையை ஆய்ந்து முடித்தேன். கழுவினேன். பிறகு வசுமதிக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானத் தூக்க நேரம், எழுப்பிவிட்டேன் போலிருக்கிறது.

லோரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். ஜொகூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி என்றேன். அவர் மனைவி இறந்த நாளைப் பற்றிச் சொன்னேன். கடைசிப் பாட்டைப் பற்றி அவர் பேசியதைச் சொல்லவில்லை. அது தேவையில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பழைய பழக்கத்தில் ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேங்க" என்றார். "முப்பது வருஷமாவா கேட்டாரு?"

"முப்பது வருஷம்."

"திரும்பச் சொல்லுங்க."

முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.

"பேரு ஏதாச்சும் சொன்னாராங்க, யாரு பாடினதுன்னு?"

"சொன்னாரு" என்றேன்.

"யாரு பேரை?"

"உங்க பேரைத்தான்."